குவாட்ரோ

குவாட்ரோ என்பது ஜெர்மனியின் ஆடி நிறுவனம் 1980 முதல் தன் கார்களில் பொருத்திவரும் நான்கு சக்கர இயக்க அமைப்பு. பெயர் ஒன்றுதான்; அதன் கீழ் வந்த இயந்திரங்கள் பல. சக்கரம் வழுக்குவதை எது கண்டுகொள்கிறது, எவ்வளவு சீக்கிரம் கண்டுகொள்கிறது என்பதில்தான் அவை ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

வளைவில் திரும்பும் காரின் நான்கு சக்கரங்களும் நான்கு வெவ்வேறு தொலைவைக் கடக்கின்றன. அதற்கு இடம்கொடுக்கவே டிஃபரன்ஷியல். ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கத்துக்கும் சமமான முறுக்குவிசையையே தரும். ஒரு சக்கரம் பனியில் பிடி இழந்தால், அதைச் சுற்றப் போதுமான சொற்ப விசைதான் மறு சக்கரத்துக்கும் கிடைக்கும். முதலாவது வீணாகச் சுற்றும். மற்றது அசையாமல் நிற்கும். சேற்றில் சிக்கிய டிராக்டரில் டிஃபரன்ஷியலைப் பூட்டும் டிஃப் லாக்கை மிதித்தவர்களுக்கு இது புதிதல்ல.

1977 தொடக்கத்தில் ஸ்காண்டிநேவியப் பனியில் நடந்த சோதனைகளின்போது, ராணுவத்துக்காக உருவான ஃபோக்ஸ்வாகன் இல்டிஸ் ஜீப், வெறும் 75 குதிரைத்திறனோடு, தன்னைவிட வலுவான முன்சக்கர இயக்கக் கார்களைப் பின்தள்ளியது. அதைக் கண்ட ஆடி பொறியாளர் யோர்க் பென்சிங்கர், வேகமான சாலைக் காருக்கும் இதே இயக்கத்தைத் தரலாம் என்றார். தொழில்நுட்பத் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெக் இசைந்தார். 1978 ஜனவரியில் மாதிரிக் கார் ஆஸ்திரியாவின் டுராஹர் ஹோஹே மலைப்பாதையில், 23 சதவீத ஏற்றத்தில், கோடைகால டயர்களோடு ஏறிக் காட்டியது.

அந்த மாதிரியில் நடு டிஃபரன்ஷியல் இல்லை. முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் இறுகப் பிணைந்திருந்தன. பனியில் அது வசதி. காய்ந்த தார்ச்சாலையில் திருப்பினால் டயர்கள் முரண்டு பிடிக்கும். ஃபோக்ஸ்வாகனின் ஆராய்ச்சித் தலைவர் எர்ன்ஸ்ட் ஃபியாலாவின் மனைவி அந்தக் காரை வியன்னாவில் ஓட்டிப் பார்த்துவிட்டு, திரும்பும்போது துள்ளுகிறது என்று குறைசொன்னதாக ஒரு கதை உண்டு. அதன் பிறகே நடு டிஃபரன்ஷியல் கட்டாயமாயிற்று. எடையும் இடமும் கூடாமல் அதைச் சேர்க்க உதவியது, கியர்பாக்ஸுக்குள் இருந்த 263 மில்லிமீட்டர் நீள உள்ளீடற்ற ஷாஃப்ட். விசை அதன் வழியே பின்னோக்கிச் சென்று நடு டிஃபரன்ஷியலை அடையும். அங்கிருந்து ஒரு பங்கு பின் ஆக்ஸிலுக்குப் போகும், மறு பங்கு அதே ஷாஃப்டின் உள்ளே ஓடும் தண்டு வழியாக முன்னே திரும்பும். இந்த அமைப்பின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான்.

1980 மார்ச்சில் ஜெனீவாவில் அறிமுகமான முதல் குவாட்ரோவில் வழுக்கலைக் கண்டுகொள்ள வேண்டியவர் ஓட்டுநரே. நடு டிஃபரன்ஷியலையும் பின் டிஃபரன்ஷியலையும் அவர்தான் பூட்ட வேண்டும், பிறகு நினைவாகத் திறக்கவும் வேண்டும். பந்தய ஓட்டுநருக்கு அது பொருட்டல்ல: 1981 சான்ரெமோ ராலியில் மிஷேல் மூட்டோன் வென்றார், உலக ராலி சுற்று ஒன்றை வென்ற முதல் பெண் அவர். கடைக்குப் போய்வரும் ஓட்டுநருக்கோ அது வேண்டாத வேலை.

அந்த வேலையை 1980களின் பிற்பாதியில் டோர்சன் என்ற நடு டிஃபரன்ஷியல் எடுத்துக்கொண்டது. அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மனின் கண்டுபிடிப்பு இது. அதனுள் இருக்கும் திருகுப்பல் பற்சக்கரத்தைச் சுலபமாகச் சுழற்றும். பற்சக்கரம் திருகுப்பல்லைத் திருப்பிச் சுழற்றுவது கடினம். இந்த ஒருவழிப் பிடிவாதத்தால், பிடியுள்ள ஆக்ஸிலுக்கு ஏறத்தாழ முக்கால் பங்கு விசை வரை உடனே சென்றுவிடும். சென்சாரும் வேண்டாம், கணினியும் வேண்டாம். சக்கரம் சுழன்று வீணாவதற்கு முன்பே பல்லுக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரே குறை, இது உள்ள பிடியைப் பெருக்கும் கருவி. ஒரு ஆக்ஸில் அறவே பிடி இழந்தால் பெருக்க எதுவும் இல்லை. 1990களில் அந்த ஓட்டையை பிரேக் அடைத்தது. வீணாகச் சுற்றும் சக்கரத்தை மட்டும் மின்னணு அமைப்பு பிரேக் போட்டுப் பிடிக்க, செயற்கையாக ஒரு தடை உருவாகி, விசை மறுபக்கம் பாயும்.

தலைமுறை புதிதானால் திறனும் கூடியிருக்கும் என்று எண்ணிவிட முடியாது. 1998இல் வந்த டிடி காரில் என்ஜின் குறுக்காக அமைந்ததால் டோர்சனுக்கு இடமில்லை. ஸ்வீடனின் ஹால்டெக்ஸ் கிளட்ச் வந்தது. முன், பின் சக்கரங்களின் வேக வேறுபாடே அதன் எண்ணெய்ப் பம்பை இயக்கும். ஆக, முன் சக்கரம் கொஞ்சமாவது வழுக்கினால்தான் பின் சக்கரம் விழிக்கும். பிற்காலத் தலைமுறைகளில் மின் பம்பு அழுத்தத்தை முன்கூட்டியே தயாராக வைத்தது. ஹால்டெக்ஸுக்கும் டோர்சனுக்கும் ஒரே முத்திரையைக் குத்தியது விற்பனைப் பிரிவின் சாமர்த்தியம்.

2010இல் ஆர்எஸ்5 காரில் கிரவுன் கியர் டிஃபரன்ஷியல் அறிமுகமானது. இயல்பான பகிர்வு முன்னுக்கு 40, பின்னுக்கு 60. தேவைப்பட்டால் பின்னுக்கு 85 சதவீதம் வரை. 2016இன் 'குவாட்ரோ அல்ட்ரா' எரிபொருளை மிச்சப்படுத்த, சாதாரண ஓட்டத்தில் பின் ஆக்ஸிலை முழுவதும் கழற்றிவிடுகிறது. ஸ்டியரிங், ஆக்ஸிலரேட்டர், சாலையின் பிடிமானம் ஆகியவற்றைப் பார்த்து, வழுக்கல் நேர்வதற்குச் சுமார் அரை விநாடி முன்பே கணித்து இணைப்பதாக நிறுவனம் கூறுகிறது.

2018இன் இ-ட்ரான் மின்காரில் முன், பின் ஆக்ஸில்களை இணைக்கும் ஷாஃப்டே கிடையாது. ஆக்ஸிலுக்கு ஒரு மோட்டார். 2020இன் இ-ட்ரான் எஸ் காரில் பின் சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டார் வந்ததும் பின் டிஃபரன்ஷியலும் போயிற்று. ஒரு சக்கரம் வழுக்கினால், அதற்கான விசையை மென்பொருள் மறு மோட்டாருக்கு மாற்றிவிடுகிறது.