வெந்நீர்ப் பை வந்த வழி

ரப்பர் பை வருவதற்கு முன், குளிர்நாட்டு மருத்துவமனைகளில் நோயாளிக்குச் சூடு கொடுத்தவை தகரக் குப்பிகளும் மண் ஜாடிகளும். வெந்நீர் நிரப்பித் துணி சுற்றிக் காலருகே வைப்பார்கள். விழித்திருப்பவர் சுட்டதும் காலை இழுத்துக்கொள்வார். மயக்கத்தில் கிடப்பவர் என்ன செய்வார்? லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுத்துப் பரிசோதிக்கப்பட்ட ஒருவரின் கை, மேசைக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வெந்நீர்த் தகரத்தில் பட்டு வெந்துபோனது. அவரே ஒரு மருத்துவர். வழக்கு 1909இல் மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை போயிற்று. அறுவை அரங்கில் நிபுணர்கள் காட்டிய கவனக்குறைவுக்கு மருத்துவமனை பொறுப்பல்ல என்றது தீர்ப்பு. அந்தக் கருத்தை ஆங்கிலேய நீதிமன்றங்களே பின்னாளில் கைவிட்டன. அதுதான் நியாயம்.

அதற்குள் ரப்பர் வந்துவிட்டிருந்தது. பச்சை ரப்பர் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்தார். 1903இல், பின்னர் பென்சிலுக்கும் பேனாவுக்கும் பேர்போன ஸாக்ரெப் நகரத்துப் பென்கலா, ‘டெர்மோஃபோர்’ என்ற வெந்நீர்ப் பைக்குக் காப்புரிமை பெற்றார். ரப்பர் பாலுக்குத் தேவை கூடியது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, இலங்கை வழியாகவும் மலாயா வழியாகவும் பரவியிருந்தன. மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டியவர்களில் பெரும்பாலோர் கங்காணிகள் அழைத்துச் சென்ற தமிழர்கள். இந்தப் பையின் கதையில் அவர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும்.

தகரம் உறுத்தும். ரப்பர் பை உடம்போடு மெத்தென்று ஒட்டிக் கிடக்கும். அதனால் வைத்ததே மறந்துபோகும். 44 டிகிரி செல்சியஸ் சூடு கைக்கு இதமாகத்தான் இருக்கும், ஆனால் ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் பட்டால் தோல் வெந்துவிடும். நம் வார்டுகளில் ‘ஹாட் வாட்டர் பேக்’ கொடுக்கும் செவிலியருக்குப் பாடம் சொல்லும் அளவு, பெரியவர்களுக்கு 46 முதல் 52 டிகிரி. சிறு குழந்தை, தளர்ந்தவர், நினைவில்லாதவருக்கு 40.5 முதல் 46. இதைத் தெர்மாமீட்டர்தான் சொல்ல வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி, தலைகீழாகப் பிடித்துக் கசிவு பார்த்து, உறை போட்டுத்தான் வைக்க வேண்டும். உடம்புக்கு அடியில் வைக்கவே கூடாது. ஐந்து நிமிடத்தில் பையைத் தூக்கித் தோலைப் பார்க்க வேண்டும். அரைமணிக்கு மேல் வேண்டாம். விரிந்த ரத்தக்குழாய்கள் அதன்பின் சுருங்கத் தொடங்கும், சூடு தோலிலேயே தேங்கும்.

சர்க்கரை நோயால் உணர்வு மங்கிய பாதம், முதுகு ஊசியால் மரத்த கால் இரண்டுக்கும் இந்தப் பை ஆகாது. “சுடுதாம்மா?” என்று கேட்டால், “இல்ல சிஸ்டர், நல்லாத்தான் இருக்கு” என்பார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காரணம் தெரியாத வயிற்றுவலிக்கும் வேண்டாம்; குடல்வால் வீங்கியிருந்தால் சூடு ஆபத்தைக் கூட்டும். அன்று சுளுக்கிய கணுக்காலுக்குக் குளிர்தான். ஐஸ் பையையும் துணி சுற்றியே வைத்து, 20 நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும்.

ரப்பருக்கும் வயதாகும். பிரிட்டனில் விற்கும் பைகளில் பூப்போன்ற முத்திரை ஒன்று இருக்கும். நடுவில் தயாரித்த ஆண்டு, இதழ்களில் மாதம். இரண்டு ஆண்டில் மாற்றிவிடச் சொல்கிறார்கள். தேதி இல்லாத பையை வாங்கினால் உறையில் நாமே எழுதிவைக்கலாம். மடிப்பில் வெடிப்பு கண்டால் தேதிகூடப் பார்க்க வேண்டாம், எறிந்துவிடலாம்.