தாத்தா தெளித்த உளுந்து

சில வருஷம் முன்னாடி பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, அறுப்புக்குக் காத்திருந்த ஈர வயலில் தாத்தா உளுந்து தெளித்துக்கொண்டிருந்தார். ஏன்னு கேட்டேன். "மண்ணு தெம்பாகும்டா. எங்கப்பா செஞ்சாரு, நானும் செய்யறேன்." டாக்குமெண்டேஷனே இல்லாமல் தலைமுறையாய் ஓடும் ப்ரோக்ராம் :-)

காரணம் தெரிய 1886 வரை ஆச்சு. ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் தழைச்சத்தே போடாமல் மணலில் பட்டாணி வளர்த்தார்கள். சூடாக்கி நுண்ணுயிர்களைக் கொன்ற மணலில் செடி சோர்ந்துபோச்சு. அதிலேயே கொஞ்சம் வயல் மண்ணைக் கரைத்து ஊற்றினதும் வேரில் முடிச்சு வந்து செழித்தது. ஆக, வேலை பார்த்தது மண்ணிலிருந்த ஏதோ ஒரு உயிர்! 1888-ல் ஹாலந்தின் பெய்ரிங்க் அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்தார். ரைசோபியம்னு இன்னைக்குச் சொல்றோமே, அதுதான். 1896-லேயே 'நைட்ரஜின்' என்ற பெயரில் உயிர் உரமாகவும் வந்தாச்சு.

அப்புறம் ஏன் மறந்தோம்? 1913-ல் ஜெர்மனியின் ஓப்பாவ் ஊரில் ஹேபர்-பாஷ் முறை ஆலை ஓட ஆரம்பித்தது. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்க 400 டிகிரிக்கு மேல் சூடு, வளிமண்டலத்தைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தம். அந்த உரத்தைத் திட்ட மாட்டேன். உலகில் கிட்டத்தட்ட பாதிப் பேர் சோறு சாப்பிடுவது அதனால்தான். ஆனா அதே வேலையை மண்ணின் சூட்டிலேயே முடிக்குது இந்த ஜீவன். கூலி, செடி தரும் கொஞ்சம் சர்க்கரை. யூரியாவை அள்ளிக் கொட்டினா செடி முடிச்சு விடுவதையே குறைச்சுக்கும்.

தாத்தா இப்போ இல்லை. வயலைக் குத்தகைக்கு விடப்போறதா அப்பா போன் பண்ணினார். "நெல்லுக்கப்புறம் உளுந்து போடணும்னு பேசி விடுங்கப்பா"ன்னேன். ஏன்னு கேட்டார். இந்தத் தடவை காரணம் சொல்ல முடிஞ்சுது.