ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் போட்டி: வாடகைதாரரை உரிமையாளர் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்?

பெங்களூரு: பன்னிரண்டாம் வகுப்பில் 75 சதவீத மதிப்பெண் பெற்றவருக்கு வீடு தர இயலாது, உரிமையாளர் எதிர்பார்ப்பது 90 சதவீதம். பெங்களூருவில் வீடு தேடிய ஒருவருக்குத் தரகர் அனுப்பியதாக 2023-ஆம் ஆண்டு சமூக ஊடகங்களில் பரவிய வாட்ஸ்அப் தகவல் இது. ஆதார், பான் அட்டைகளோடு மதிப்பெண் சான்றிதழ், லிங்க்ட்இன் பக்கம், தன்னைப் பற்றிய சிறு கட்டுரை ஆகியவையும் அவரிடம் கேட்கப்பட்டதாக அப்போது செய்திகள் வெளியாயின.

பலர் அதை நகைச்சுவையாகப் பகிர்ந்தனர். ஆனால், வாடகைக்கு வீடு கேட்டு வருவோர் மிகுந்து, வீடுகள் குறைந்த நகரங்களில் உரிமையாளரின் தேர்வு எப்படி நடக்கிறது என்பதை அந்த உரையாடல் வெளிச்சமிட்டுக் காட்டியது. வாடகை எவ்வளவு என்ற கேள்வி அங்கே பின்னுக்குச் சென்றுவிடுகிறது. வருபவர் எப்படிப்பட்டவர் என்பதே முதல் கேள்வியாகிறது.

போட்டி எப்படி உருவானது?

கொரோனா காலத்தில் வீட்டிலிருந்தே பணிபுரியும் முறை வந்ததால், தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் பலர் பெங்களூருவைவிட்டுச் சொந்த ஊர்களுக்குத் திரும்பினர். வீடுகள் காலியாகி, வாடகையும் குறைந்தது. நிறுவனங்கள் 2022 முதல் ஊழியர்களை மீண்டும் அலுவலகத்துக்கு அழைக்கத் தொடங்கியதும் நிலைமை தலைகீழானது. ஊர் திரும்பியவர்களும் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் ஒரே நேரத்தில் வீடு தேடினர்.

நகரின் போக்குவரத்து நெரிசல் இந்தப் போட்டியைச் சில பகுதிகளில் மேலும் கூர்மையாக்குகிறது. வெளிவட்டச் சாலை, பெல்லந்தூர், மாரத்தஹள்ளி, ஒயிட்ஃபீல்டு போன்ற அலுவலகப் பகுதிகளுக்கு அருகில் வீடு கிடைத்தால் நாள்தோறும் பயண நேரம் மிச்சமாகும் என்பதால் அனைவரும் அங்கேயே தேடுகின்றனர். விளம்பரம் வெளியான சில மணி நேரத்திலேயே உரிமையாளருக்குப் பல அழைப்புகள் வருகின்றன. அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் அவர் இருக்கிறார்.

அதிக வாடகை ஏன் வெல்வதில்லை?

கூடுதல் வாடகை தருபவருக்கே வீடு கிடைக்கும் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. உரிமையாளரின் கணக்கு பெரும்பாலும் வேறு.

எடுத்துக்காட்டாக, மாதம் 30,000 ரூபாய் வாடகையுள்ள வீட்டுக்கு ஒருவர் 1,000 ரூபாய் கூடுதலாகத் தர முன்வருகிறார் எனக் கொள்வோம். பதினொரு மாதத்தில் உரிமையாளருக்குக் கிடைக்கும் மிகுதி 11,000 ரூபாய். அவர் இடையிலேயே காலி செய்து, வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் இழப்பு 30,000 ரூபாய். புதிதாக வண்ணம் பூசும் செலவும் தரகுக் கட்டணமும் தனி. ஆகவே, நெடுநாள் தங்கி, மாதந்தோறும் உரிய தேதியில் வாடகை செலுத்தி, சொன்ன நாளில் சாவியைத் திருப்பித் தருபவரே உரிமையாளரின் கணக்கில் இலாபகரமானவர்.

ஆனால் அத்தகையவர் யார் என்பதைப் பத்து நிமிடச் சந்திப்பில் அறிய முடியாது. எனவே கண்ணில் படும் அடையாளங்களைக் கொண்டு உரிமையாளர் ஊகிக்கிறார்.

அச்சத்தின் வேர்

இந்த ஊகங்களுக்குப் பின்னால் இருப்பது, கொடுத்த வீடு திரும்பக் கிடைக்குமா என்ற பழைய அச்சம். 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், 1958-ஆம் ஆண்டின் டெல்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போன்றவை வாடகை உயர்வையும் வெளியேற்றத்தையும் கடுமையாகக் கட்டுப்படுத்தின. குடியிருப்போருக்கு அவை பாதுகாப்பு அளித்தன. அதேவேளையில், வீட்டை வாடகைக்கு விடுவதே ஆபத்து என்ற எண்ணத்தையும் உரிமையாளர்களிடம் வளர்த்தன.

அதன் விளைவு புள்ளிவிவரங்களில் தெரிகிறது. இந்திய நகரங்களில் வாடகை வீடுகளின் பங்கு 1961-இல் 54 சதவீதமாக இருந்து 2011-இல் 28 சதவீதமாகச் சரிந்ததாக மத்திய அரசின் 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை குறிப்பிட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நகர்ப்புறங்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகள் காலியாக இருந்தன.

இன்று பெரும்பாலான வாடகைகள் பழைய கட்டுப்பாட்டுச் சட்டங்களின் வரம்புக்கு வெளியே உள்ளன. கர்நாடக வாடகைச் சட்டம் 1999, பெங்களூரு போன்ற பெருநகரப் பகுதிகளில் மாதம் 3,500 ரூபாய்க்கு உட்பட்ட வாடகைக்கே பொருந்தும். அதற்கு மேற்பட்ட வீடுகளில் தகராறு எழுந்தால் உரிமையியல் நீதிமன்றத்தையே நாட வேண்டும். அங்கே வழக்கு ஆண்டுக்கணக்கில் நீளலாம். சட்டத்தின் மூலம் வீட்டை விரைவாக மீட்க முடியாது என்று கருதும் உரிமையாளர், சிக்கல் தராதவரை முன்கூட்டியே தேர்ந்தெடுத்துவிட முயல்கிறார்.

வழக்கறிஞர், காவல்துறையினர், அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள் ஆகியோருக்கு வீடு தரப் பலர் தயங்குவதற்கும் இதுவே காரணம். அவர்களிடம் பணம் இல்லை என்பதன்று. தகராறு வந்தால் அவர்களை எதிர்கொள்வது கடினம் என்பதே எண்ணம். பெங்களூருவில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கும் நீண்டகால வழக்கமும், பதினொரு மாத ஒப்பந்தமும் இதே சூழலில் நிலைத்தவை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்வதைப் பதிவுச் சட்டம் 1908 கட்டாயமாக்குகிறது. அதன் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கவே பதினொரு மாதக் கணக்கு.

உரிமையாளர் பார்ப்பவை

வேலையும் வருமானமும் முதலில் வருகின்றன. பெயர் பெற்ற நிறுவனத்தின் அடையாள அட்டை, மாத ஊதியத்தைவிடவும் வலுவான சான்றாகக் கருதப்படுகிறது. சுயதொழில் செய்பவர் கூடுதலாகச் சம்பாதித்தாலும், அதை ஒரே தாளில் காட்ட முடியாததால் பின்தங்கிவிடுகிறார்.

அடுத்தது குடும்பநிலை. குழந்தை அருகிலுள்ள பள்ளியில் படிக்கும் குடும்பம் எளிதில் இடம் மாறாது என்பது கணக்கு. திருமணமாகாத இளைஞர்கள் அடிக்கடி வேலை மாறுவார்கள், விருந்தினர் வருவார்கள், அண்டை வீட்டார் புகார் கூறுவார்கள் என்ற முன்முடிவு அவர்களுக்கு எதிராக நிற்கிறது.

எத்தனை பேர் தங்குவர் என்ற கேள்விக்குத் தண்ணீரும் ஒரு காரணம். 2024 கோடையில் பெங்களூருவின் ஆழ்துளைக் கிணறுகள் பல வறண்டு, குடியிருப்புகள் டேங்கர் லாரிகளை நம்பியிருக்க நேர்ந்தது. தண்ணீர்ச் செலவை உரிமையாளரே ஏற்கும் வீடுகளில் ஒவ்வொரு கூடுதல் நபரும் செலவாகப் பார்க்கப்படுகிறார்.

வெளியில் பேசப்படாத இன்னொரு அளவுகோல் வருமான வரி. பழைய வரி முறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கோரும் ஊழியர், ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைக் கடந்தால் உரிமையாளரின் பான் எண்ணை அளிக்க வேண்டும். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால் வாடகைதாரரே 2 சதவீத வரியைப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்த வேண்டும். வாடகை வருவாயைக் கணக்கில் காட்ட விரும்பாத உரிமையாளர், இதைக் கேட்டதும் வேறொருவரைத் தேடுவார்.

உரிமையாளரைப் பார்ப்பதற்கு முன்பே

பல விண்ணப்பங்கள் உரிமையாளரின் கைக்கே போய்ச் சேர்வதில்லை. ஏறத்தாழ ஒரு மாத வாடகையைக் கட்டணமாகப் பெறும் தரகர், உரிமையாளர் மறுக்கக்கூடும் என்று தாம் கருதுவோரை வீட்டைக் காட்டாமலே அனுப்பிவிடுகிறார். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் சங்கத்தின் எழுதப்பட்ட, எழுதப்படாத விதிகள் அடுத்த வடிகட்டி. உரிமையாளருக்கு ஆட்சேபம் இல்லாதபோதும், சங்கத்துடன் பிணக்கு வேண்டாம் என்று திருமணமாகாதோரை அவர் மறுப்பதுண்டு.

ஊகம் பாகுபாடாகும் இடம்

ஊதியச் சீட்டைப் பார்ப்பதும் பெயரைக் கேட்டு முடிவெடுப்பதும் ஒன்றல்ல. பெயர், உணவு, சொந்த ஊர் ஆகியவை வாடகை செலுத்தும் திறனைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஆயினும் 'சைவ உணவு உண்போருக்கு மட்டும்' என்ற நிபந்தனை பல நகரங்களின் விளம்பரங்களில் வழக்கமாகிவிட்டது. அது சாதியையும் மதத்தையும் மறைமுகமாகக் கேட்கும் வழியாகவும் பயன்படுகிறது.

டெல்லியிலும் அதன் புறநகர்களிலும் 171 வீட்டு உரிமையாளர்களுக்கு வெவ்வேறு கற்பனைப் பெயர்களில் விண்ணப்பம் அனுப்பி, சௌகதோ தத்தா, விக்ரம் பதானியா ஆகியோர் மேற்கொண்ட ஆய்வு 2016-இல் வெளியானது. உயர்சாதி இந்துப் பெயர்கொண்ட விண்ணப்பங்களில் நூற்றுக்கு 35-க்குப் பதில் கிடைத்தபோது, இஸ்லாமியப் பெயர்கொண்டவற்றில் நூற்றுக்கு 22-க்கே பதில் கிடைத்தது. சுகதேவ் தோரட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தலைநகர்ப் பகுதியில் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வும், தலித்துகளும் இஸ்லாமியர்களும் வீடு மறுக்கப்படுவதைப் பதிவு செய்தது.

சட்டம் எங்கே கோடு கிழிக்கிறது?

தனியார் வாடகையில் மத அடிப்படையிலான பாகுபாட்டை நேரடியாகத் தடை செய்யும் மத்தியச் சட்டம் இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு முதன்மையாக அரசைக் கட்டுப்படுத்துகிறது. கடைகள், உணவகங்கள், விடுதிகள் போன்ற பொது இடங்களை அது பெயரிட்டுக் குறிப்பிட்டாலும், வாடகை வீடுகளைக் குறிப்பிடவில்லை. பார்சி சமூகத்தினருக்கு மட்டுமே உறுப்பினர் தகுதி என்ற ஒரு கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் விதியை உச்ச நீதிமன்றம் 2005-இல் ஏற்றுக்கொண்டது.

எனினும் சில கோடுகள் தெளிவானவை. தீண்டாமையின் அடிப்படையில் ஒருவர் எந்தப் பகுதியிலும் வீட்டில் குடியிருப்பதைத் தடுப்பது, 1955-ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களுக்கு அக்காரணத்தால் வீடு மறுப்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமும், திருநர்களுக்கு மறுப்பதை 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கின்றன. திருமணமாகாத வயதுவந்த இருவர் விருப்பத்துடன் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் தெளிவுபடுத்தியது. ஆனால் அவர்களுக்கு வீடு தர வேண்டிய கடமையை அது உரிமையாளர் மீது சுமத்தவில்லை.

நடைமுறையில் பெரிய தடை, மறுப்புக்கான காரணம் எழுத்தில் வருவதில்லை என்பதே. 'வேறொருவருக்குக் கொடுத்துவிட்டோம்' என்ற ஒரு வரியை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ வழியில்லை.

வீடு தேடுவோர் செய்யக்கூடியவை

முன்முடிவை ஒரு சந்திப்பில் மாற்ற இயலாது. ஆனால் பணம், பொறுப்பு, காலி செய்யும் நாள் குறித்த ஐயங்களைச் சான்றுகளால் தீர்க்கலாம்.

* வேலை உறுதிக் கடிதம், அண்மைய மூன்று மாத ஊதியச் சீட்டு, முன்பு குடியிருந்த வீட்டு உரிமையாளரின் பரிந்துரை ஆகியவற்றைத் தயாராக வைத்திருக்கலாம். வாடகை தவறாமல் சென்றதைக் காட்டும் வங்கிப் பரிவர்த்தனைப் பதிவு, சுயதொழில் செய்வோருக்கு மிகவும் உதவும்.
* தங்குவோரின் எண்ணிக்கை, தங்கும் காலம், வளர்ப்புப் பிராணி ஆகியவற்றை முதல் உரையாடலிலேயே சொல்வது நல்லது. பின்னர் தெரியவந்தால் அதுவே நம்பிக்கையைக் குலைக்கும்.
* வீட்டைப் பார்ப்பதற்கு முன் 'டோக்கன்' தொகை கேட்பவருக்குப் பணம் அனுப்பக் கூடாது. போட்டியின் அவசரத்தைப் பயன்படுத்தும் மோசடிகள் இவ்வாறே தொடங்குகின்றன.
* தேர்வு முடியும் முன்பே அடையாளச் சான்று கேட்டால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டுமே தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரை அளிக்கலாம். ஒப்பந்தம் உறுதியானதும், டெல்லி, மும்பை போன்ற நகரங்களில் வாடகைதாரர் விவரங்களைக் காவல்துறைக்குத் தெரிவிக்க உத்தரவுகள் இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும்.
* முன்பணம் எப்போது திரும்பும், வண்ணப்பூச்சுக்கு எவ்வளவு கழிக்கப்படும் என்பவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். குடியேறும் நாளில் எடுத்த புகைப்படங்கள் பின்னாளில் சான்றாகும்.

தீர்வு எங்கே?

மத்திய அமைச்சரவை 2021 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், இரு தரப்பின் அச்சத்தையும் ஒருசேரக் குறைக்க முயல்கிறது. குடியிருப்புக்கான முன்பணத்துக்கு இரண்டு மாத வாடகை உச்சவரம்பு. எழுத்துபூர்வ ஒப்பந்தம் கட்டாயம். தகராறுகளுக்குத் தனி வாடகை நீதிமன்றம். காலம் முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரண்டு மாதங்களுக்கு இரு மடங்கும், அதன்பின் நான்கு மடங்கும் வாடகை செலுத்த வேண்டும். 30,000 ரூபாய் வாடகை வீட்டுக்குப் பத்து மாத முன்பணம் மூன்று லட்சம் ரூபாய். இந்த வரம்பின்படி 60,000 ரூபாய். எனினும் நிலமும் வாடகையும் மாநிலப் பட்டியலில் வருவதால், மாநிலங்கள் தத்தம் சட்டமாக இயற்றினால் மட்டுமே இது நடைமுறைக்கு வரும்.

வீடு உரிய நாளில் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி உரிமையாளருக்கு ஏற்பட்டால், ஊகத்தின் பெயரால் விண்ணப்பதாரரை மறுக்கும் சாக்குகளில் ஒன்று குறையும். பெயரையும் உணவையும் பார்த்து மறுப்பதற்கு அந்தச் சட்டம் மட்டும் மருந்தாகாது. அதற்கான சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை.