கயிறும் தாலியும்: தொ. பரமசிவனோடு ஒரு வழக்கு

சங்கராபுரம் கடைத்தெருவில் பூசைச் சாமான் விற்கும் கடைகளின் முகப்பில் மஞ்சள் கயிறு கொத்துக் கொத்தாகத் தொங்கும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருபவர்களும் கீழ்நாட்டுக்காரர்களும் கல்யாணச் சாமான் வாங்கும்போது அதையும் வாங்கிப் போவார்கள். நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் பொன் தாலிக்கு ஆராய்ச்சி உலகில் கிடைத்த கவனம் இந்தக் கயிற்றுக்குக் கிடைக்கவில்லை. தாலியின் வரலாறு தடம் மாறியது அங்கேதான் என்பது என் எண்ணம்.

தாலியின் தொன்மை பற்றிய வழக்கு 1954இல் சூடாக நடந்தது. அது தமிழரின் பழைய அடையாளமே என்று ம.பொ.சி. நின்றார். மா. இராசமாணிக்கனாரும் கா. அப்பாத்துரையும் எதிர்ப்பக்கம். அந்த வழக்குக்குத் தீர்ப்பெழுதியவராக இன்று பலரும் மேற்கோள் காட்டுவது தொ. பரமசிவனை. ‘அறியப்படாத தமிழகம்’ (1997) வெளிவந்த பிறகு தாலி பற்றிப் பேசுகிறவர்கள் அவரைத் தொடாமல் பேசுவதில்லை. அவர் வாதத்துக்கு மூன்று கால்கள். சங்கப் பாடல் காட்டும் மணங்களில் தாலி இல்லை. தன் மணக்கனவைச் சடங்கு சடங்காக அடுக்கிய ஆண்டாள் தாலியைப் பேசவில்லை. புதைபொருள்களில் தாலி கிடைக்கவில்லை. எனவே 10ஆம் நூற்றாண்டுக்குப் பிறகே பெண்ணின் கழுத்துத் தாலி புனிதப் பொருளாயிற்று என்றார்.

முடிவோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை, போன வழியோடுதான். அவர் தேடியது அணிகலனை. அணிகலனைத் தேடியவருக்கு ‘இல்லை’ என்ற விடை வந்தது. கயிற்றைத் தேடியிருந்தால் அதே பாடல்கள் வேறு விடை சொல்லியிருக்கும்.

மூன்றாவது காலை முதலில் தட்டிவிடலாம். நூல் மண்ணுக்குள் மட்கிவிடும். கோத்த மஞ்சள் கிழங்கும் மட்கிவிடும். பொன் இல்லாத வீட்டில் விரலி மஞ்சளைக் கயிற்றில் முடிந்து கட்டுவது இன்றும் உண்டு. அதுவும் முழுத் தாலிதான், அரைத் தாலி அல்ல. அப்படிப்பட்ட தாலியை எந்த அகழாய்வுக் குழியில் தேடுவது?

அகநானூற்றின் இரண்டு மணப்பாடல்கள், 86உம் 136உம், அனைவரும் அறிந்தவை. பின்னதில் இறைச்சியோடு சமைத்த நெய்ச்சோறு விருந்தாகிறது, திங்கள் உரோகிணியோடு சேர்கிறது, பிறகு வாகை இலையும் அறுகின் முகையும் சேர்ந்த வெண்ணூல் பெண்ணுக்குச் சூட்டப்படுகிறது. சூட்டுதல் என்ற வினை தலைக்கும் மாலைக்கும் உரியது. கழுத்தில் முடிச்சிட்டார்கள் என்று இதை வைத்து யாரும் வாதிட முடியாது, நானும் வாதிடவில்லை. ஆனால் மணநாளில் பெண்ணின் உடலில் ஏறும் நூல் ஒன்று அங்கே இருக்கிறது. தாலி இல்லை என்று அந்தப் பாடலை மூடிவைப்பவர்கள் அந்த நூலையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள்.

ஆண்டாளிடம் வருவோம். ஆண்டாள் தாலியைச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் ‘காப்பு நாண்’ கட்டப்பட்டதைச் சொல்கிறாள். தொ.ப.வின் வாதத்தைத் திருப்பிச் சொல்கிறவர்கள் இந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தப் பாட்டில் நாண் கட்டுபவர்கள் பார்ப்பனச் சிட்டர்கள். கட்டப்படுவது இருவருக்கும், மாப்பிள்ளையோடு சேர்த்துப் பெண்ணுக்கு. அதற்கு முந்திய பாட்டில் மணக்கோடி உடுத்தி மாலை சூட்டுபவள் அந்தரி. வைணவ உரை மரபு அவளை நாத்தனாராக நிறுத்தி வாசிக்கும். காப்பு நாண் என்றால் மணிக்கட்டில் கட்டும் கங்கணம்தானே, அதற்கும் தாலிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேர்த்தொடர்பைக் காட்ட என்னிடம் சான்று இல்லை. ஆனால் மணத்தைப் பிணிக்கும் பொருள் கயிறு என்ற எண்ணம் அந்தக் கனவில் முழுதாக இருக்கிறது. அது எந்த உறுப்பில் ஏறியது என்பது அடுத்த கேள்வி. மணிக்கட்டிலிருந்து கழுத்துக்குப் போன வழி இன்னும் இருட்டாகவே கிடக்கிறது.

வெளிச்சம் வருவது சேக்கிழாரிடம். இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர், 12ஆம் நூற்றாண்டு. திருக்கடவூர்க் குங்கிலியக்கலயர் வீட்டில் பிள்ளைகள் பசித்திருக்க, மனைவி தாலியைக் கழற்றி நெல் வாங்கக் கொடுக்கிறார். கணவர் அதைக் கொண்டு குங்கிலியம் வாங்கிவிடுகிறார். கதை தெரிந்ததே. நான் நிற்பது அங்கே வரும் சொற்சேர்க்கையில். தாலி என்று மட்டும் சொல்லி நகராமல், மங்கல நூல் என்பதையும் தாலி என்பதையும் அடுத்தடுத்து வைக்கிறார். எதுகைக்காகவும் ஓசைக்காகவும் நீட்டியது என்று இதைத் தள்ளலாம். ‘மங்கல நூலாகிய தாலி’ என்று விரித்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். மரபான உரை அப்படித்தான் போகும். ‘மங்கல நூலில் கோத்த தாலி’ என்று விரித்தால் இரண்டும் இரண்டு பொருள்கள். எனக்குப் பின்னதே சரி என்று படுகிறது. தாலி என்ற சொல்லுக்கு மணத்துக்கு வெளியே நெடிய வாழ்வு உண்டு. பிள்ளைகளுக்கு ஐம்படைத்தாலி, வேட்டைக் குடிக்குப் புலிப்பல் தாலி என்று அது கோத்துத் தொங்கவிடும் அணியைக் குறித்தது. நூலுக்கோ மணத்துக்குள் தனி வாழ்வு இருந்தது. இரண்டு வரலாறுகளும் ஒரு கழுத்தில் சேர்ந்த பின்னும் தையல் தெரிகிறது. சேக்கிழாரின் சொல் அந்தத் தையல். ஒரே ஒரு சொற்சேர்க்கையின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றுவது நியாயமா என்று நானே பலமுறை கேட்டுக்கொண்டேன். வேறு சான்று கிடைக்கும்வரை ஏற்றத்தான் வேண்டியிருக்கிறது.

புறநானூறு 127இல் ஆய் அண்டிரனின் மகளிர் பிறருக்கு ஈய முடியாத ஓர் இழையை அணிந்திருக்கிறார்கள். பழைய உரைகாரர் அதை மாங்கலிய சூத்திரம் என்றார். நெடுநல்வாடையில் அரசியின் மார்பில் தாழும் ஒன்றை நச்சினார்க்கினியர் தாலி நாண் என்றார். ம.பொ.சி. வழிவந்தவர்கள் இவற்றைத் தூக்கிப் பிடிப்பார்கள். நான் தொ.ப. பக்கம் நிற்கும் இடம் இது. உரைகாரர்கள் தம் வீட்டுப் பெண்களின் கழுத்தைப் பார்த்து உரை எழுதியிருக்கிறார்கள். அவர்கள் காலத்தில் தாலி நிலைபெற்றுவிட்டது என்பதற்கு மட்டுமே அவை சாட்சி.

கட்டியது யார் என்ற கேள்வியும் கயிற்றோடு சேர்ந்தது. இன்றைய மேடையில் மாப்பிள்ளை கட்டுகிறார். ஆனால் பல சமூகங்களில் அவருக்கு ஒரு முடிச்சுதான். மற்ற இரண்டும் நாத்தனாருடையவை. புகைப்படக்காரர் அந்த இரண்டு முடிச்சுகளை எடுப்பதற்குள் அட்சதை விழுந்துவிடும், மேளம் தூக்கிவிடும். அகநானூறு 86இல் பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் கூடி நீராட்டி வாழ்த்துகிறார்கள், அதன்பின் சுற்றத்தார் பெண்ணைக் கொடுக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு அங்கே சடங்கு வேலை எதுவும் இல்லை. நாத்தனாரின் இரண்டு முடிச்சு அந்தப் பழைய பெண்கள் அதிகாரத்தின் மிச்சம் என்று எனக்குத் தோன்றுகிறது. நிறுவ முடியாது.

இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சங்கராபுரத்துக்குக் கிழக்கே உளுந்தூர்ப்பேட்டை வட்டத்துக் கூவாகத்தில் சித்திரை தோறும் நடப்பதையும் இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கையர் அரவானுக்கு வாழ்க்கைப்படுகிறார்கள். கட்டுபவர் பூசாரி. மறுநாள் அரவான் களப்பலியானதும் அழுகளத்தில் வளையல் உடைத்து, கயிற்றை அறுத்து, வெள்ளை உடுத்துகிறார்கள். மாப்பிள்ளை கை படாமலேயே மணம் செல்லுபடியாகிறது. கயிறு இருந்தால் போதும். பேச்சு வழக்கும் இதற்குச் சாட்சி: ‘தாலி அறுத்தல்’ என்கிறோம். பொன்னை யாரும் அறுப்பதில்லை.

தாலியின் வரலாற்றைத் தேடுகிறவர்களுக்கு இல்லாத ஒரு வசதி சீன மண வரலாறு எழுதுகிறவர்களுக்கு உண்டு. மணத்தின் ஆறு சடங்குகள் பழைய நூல்களிலேயே வரிசையாக இருக்கின்றன; 12ஆம் நூற்றாண்டில் ஜூ ஷி என்ற அறிஞர் அவற்றை மூன்றாகச் சுருக்கியதும் எழுத்தில் இருக்கிறது. ஆனால் இன்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வெள்ளைக் கவுனில் வந்த சீன மணப்பெண் சிவப்புக்கு மாறி மூத்தோருக்குத் தேநீர் வழங்குவதே மணத்தின் உயிர்நிலை என்று கருதப்படுகிறது. அந்தத் தேநீர் ஆறிலும் ஒன்றாக இல்லை. பட்டியலில் இல்லாததால் வழக்கில் இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன் கொஞ்சம் தயங்கச் சொல்லும் உதாரணம் இது. பின்னால் வந்தது மையமாக முடியும் என்பதையும் இதே உதாரணம் காட்டுகிறது. அந்த அளவில் இது தொ.ப.வுக்கும் சாதகம்தான்.

1967இல் அண்ணா ஆட்சியில் இயற்றி 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த, இந்து திருமணச் சட்டத்தின் 7-அ பிரிவு, மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ, எது ஒன்று நடந்தாலும் மணம் மணமே என்றது. சட்டம் தாலியைக் கட்டாயத்திலிருந்து விடுவித்தது. கயிறு அதன் பிறகும் போகவில்லை. ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் பெண்கள் மாற்றிக்கொள்வது கயிற்றை. பொட்டும் குண்டும் பழையவைதான், புதுக் கயிற்றில் ஏறிக்கொள்கின்றன.

காலக்கணக்கைத் திட்டமாகச் சொல்ல என்னால் இயலவில்லை. ஆண்டாளை மு. இராகவையங்கார் வெள்ளி எழுந்து வியாழம் உறங்கிய குறிப்பை வைத்து 731க்குக் கொண்டு போனார். 9ஆம் நூற்றாண்டு என்பவர்களும் உண்டு. மணிக்கட்டுக் காப்பிலிருந்து சேக்கிழாரின் மங்கல நூல் வரை உள்ள இடைவெளி 300 ஆண்டா 400 ஆண்டா என்பது அதைப் பொறுத்தது. இடையில் எங்கோ நூலும் தாலியும் சேர்ந்தன. 10ஆம் நூற்றாண்டு என்ற எல்லைக்கல்லை அங்கே நட எனக்குத் துணிவில்லை.

கல்வராயன் மலை ஊர்களிலும் சங்கராபுரத்தைச் சுற்றியும் உள்ள வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு மூத்த பெண்களிடம் மூன்று கேள்வி கேட்டு எழுதி வையுங்கள்: கல்யாணத்தன்று கயிற்றில் கோத்தது பொன்னா மஞ்சளா, முதல் முடிச்சு யாருடையது, மற்ற இரண்டும் யாருடையவை. பெயர் வேண்டாம், ஊரும் ஆண்டும் இருந்தால் போதும்.