சொந்தமா, வாடகையா?

வியாபாரிகளின் சரித்திரத்தை யாராவது எழுத முற்பட்டால், அதில் போர்களும் முடிசூட்டு விழாக்களும் இரா. ஆனால் ஒரு கேள்வி மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை வந்து நிற்கும்: 'சொந்தமாக வாங்கிப் போடுவதா, வாடகைக்கு எடுப்பதா?'

இன்று கம்பெனிகள் தங்கள் கம்ப்யூட்டர்களைத் தலைமுழுகிவிட்டு 'கிளவுட்' என்னும் மேகத்துக்குக் குடிபோகின்றன. கவிஞர் யாரோ வைத்த பெயர் போலத் தோன்றுகிறது. உண்மையில் அது எங்கோ தரையில், கட்டடங்களுக்குள், வரிசை வரிசையாக நிற்கும் பிறத்தியார் யந்திரங்கள்தான். அவற்றில் ஒரு மூலையை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம். நான் கணக்கு எழுதுகிறவனல்ல, கதை எழுதுகிறவன். ஆயினும் இந்தக் குடிபெயர்ச்சியின் வரவுசெலவுக்குள் ஒரு நல்ல கதை இருக்கிறது.

கதை மின்சாரத்தில் ஆரம்பிக்கிறது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் பெரிய தொழிற்சாலைகளும் ஹோட்டல்களும் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்களே உற்பத்தி செய்துகொண்டன. 1892-ல் சிக்காகோ எடிசன் கம்பெனிக்குத் தலைவராக வந்தார் சாமுவேல் இன்சல். லண்டனில் பிறந்து, எடிசனுக்குக் காரியதரிசியாக இருந்தவர். யந்திரம் ஓடினாலும் சும்மா இருந்தாலும் அதில் போட்ட முதலுக்கு வட்டி நிற்காது என்பதை அவர் கண்டுகொண்டார். பகலில் தொழிற்சாலை, மாலையில் டிராம் வண்டி, இரவில் வீட்டு விளக்கு என்று வெவ்வேறு வேளைக்காரர்களை ஒரே யந்திரத்தில் சேர்த்துவிட்டால்?

இங்கிலாந்தில் பிரைட்டன் நகரத்தில் ஆர்தர் ரைட் என்பவர் செய்திருந்த மீட்டர் இன்சலின் கண்ணில் பட்டது. எவ்வளவு மின்சாரம் செலவாயிற்று என்பதோடு, ஒரே சமயத்தில் அதிகபட்சம் எவ்வளவு கேட்டீர்கள் என்பதையும் அது காட்டியது. பிறகு பில் இரண்டு பகுதியாயிற்று: உச்சத் தேவைக்கு ஒரு கட்டணம், செலவழித்ததற்கு ஒரு கட்டணம். விலை இறங்க இறங்க, தொழிற்சாலைகள் சொந்த யந்திரங்களை நிறுத்தின. இன்சலின் சாம்ராஜ்யம் 1932-ல் சரிந்தது. அவர் பரப்பிய பில் முறை சரியவில்லை.

கணக்கிடும் யந்திரங்களோ முதலிலேயே வாடகைச் சரக்குத்தான். ஐ.பி.எம். கம்பெனி வெகு காலம் தன் யந்திரங்களை விற்காமல் வாடகைக்கே விட்டது. விற்கவும் வேண்டும் என்று அரசாங்கத்தோடு உடன்பாடு ஏற்பட்டது 1956-ல். 1959-ல் வெளிவந்த அதன் 1401 யந்திரத்துக்கு மாத வாடகை 2,500 டாலரில் ஆரம்பம். 1961-ல் ஜான் மெக்கார்த்தி என்ற அறிஞர், டெலிபோனைப் போலக் கணக்கிடும் சக்தியும் ஒருநாள் பொதுச் சேவையாகலாம் என்றார். அந்த நாள் வர 45 வருஷம் பிடித்தது. 2006-ல் அமேசான் தன் யந்திரத்தை மணிக்கு 10 சென்ட்டுக்கும், சேமிப்பு இடத்தை ஒரு கிகாபைட்டுக்கு மாதம் 15 சென்ட்டுக்கும் விட்டது.

பத்து சென்ட் என்றால் யாருக்குத்தான் பயம் வரும்? கொஞ்சம் பெருக்கிப் பாருங்கள். இரவு பகலாக 30 நாள் ஓடினால் 720 மணி, 72 டாலர். ஆபீஸ் நேரத்தில் மட்டும், நாளுக்கு 8 மணியாக 22 நாள் ஓட்டினால் 17 டாலர் 60 சென்ட். மீதிப் பணம் விளக்கை அணைக்காமல் வீட்டுக்குப் போன குற்றத்துக்கு அபராதம். சேமிப்பின் கணக்கு இன்னும் விநோதம். மாதம் 100 கிகாபைட் புதிதாகச் சேர்கிறது என்று வையுங்கள். முதல் மாத வாடகை 15 டாலர். 12-வது மாதம் 180 டாலர். ஏனெனில் பழையது எதுவும் காலி செய்வதில்லை! 'மாதம் 15, வருஷத்துக்கு 180' என்று திட்டம் போட்டவருக்கு, வருஷக் கடைசியில் 1,170 டாலர் பில் வந்து நிற்கும்.

குடிபோகும் காலத்துச் செலவு வேறு. நெட்பிளிக்ஸ் கம்பெனியில் 2008 ஆகஸ்டில் தகவல் களஞ்சியம் கெட்டு, மூன்று நாள் வாடிக்கைக்காரர்களுக்குப் படத் தட்டுகளை அனுப்ப முடியவில்லை. மேகத்துக்குப் போவதென்று தீர்மானித்தார்கள். போய் முடிந்தது 2016 ஜனவரியில்! பழைய சாமான்களை அப்படியே வண்டியில் ஏற்றாமல், அநேகமாக எல்லாவற்றையும் புதிதாகக் கட்டினார்கள். ஏழு வருஷம் பழைய வீட்டுக்கும் செலவு, புது வீட்டுக்கும் செலவு. செலவைக் குறைப்பது அவர்களுடைய முக்கிய நோக்கமல்ல. குறைந்தது கூடுதல் லாபம். சிக்கனம் ஒன்றையே எண்ணிக் கிளம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

எதிர்த் திசைக் கதையும் உண்டு. டிராப்பாக்ஸ் கம்பெனி அமேசானிடம் வைத்திருந்த சேமிப்பில் பெரும்பகுதியை 2015-ஐ ஒட்டிச் சொந்த யந்திரங்களுக்கு மாற்றிக்கொண்டது. அடுத்த இரண்டு வருஷத்தில் சுமார் 7.5 கோடி டாலர் மிச்சமானதாக 2018-ல் தன் பங்கு வெளியீட்டுப் பத்திரத்தில் காட்டியது. இதில் முரண்பாடு ஒன்றுமில்லை. ஏறி இறங்கும் தேவைக்கு வாடகை லாபம். என்றும் குறையாத பெரிய தேவைக்குச் சொந்தம் லாபம். இன்சலின் பில் சொன்ன பாடமும் இதுவே.

காலி செய்யும் கூலியையும் திட்டத்தில் எழுத வேண்டும். தகவலை வெளியே எடுத்துச் செல்லக் கட்டணம் வாங்குவது மேகக் கம்பெனிகளின் வழக்கம். அடியோடு வெளியேறுகிறவர்களுக்கு அதைத் தள்ளுபடி செய்வதாக கூகிள், அமேசான், மைக்ரோசாப்ட் மூன்றும் 2024-ல்தான் அறிவித்தன.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தக் காலத்தில் ஒரு யந்திரம் வாங்க முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். போடுமுன் இரண்டு நாள் யோசிப்பார். அது முதல் செலவு. ஐந்தொகையில் ஏறி, வருஷா வருஷம் தேய்மானமாகக் கழியும். இன்று நேற்றுச் சேர்ந்த பையன் ஒரு பொத்தானை அழுத்தினால் யந்திரம் கிடைக்கிறது. பில் மாதக் கடைசியில் முதலாளியிடம் போகிறது. கை நிறையப் பணமில்லாதவனும் தொழில் தொடங்கலாம் என்பது இதன் பெருமை. செலவு செய்கிறவன் ஒருவன், அதை அறிகிறவன் ஒருவன் என்றாவது இதன் ஆபத்து. ஆகையால் மேகத்துக்கான வரவுசெலவுத் திட்டத்தில் தொகைகளுக்கு முன்பாக ஒவ்வொரு யந்திரத்துக்கும் எதிரே ஒரு பெயர் எழுதப்பட வேண்டும்: இதை அணைக்கும் பொறுப்பு யாருடையது? அந்தப் பெயர் இல்லாத வரியில் எழுதிய தொகை எதுவானாலும், அது வெறும் ஊகம்.