செவிலித் தொண்டு வளர்ந்த வரலாறு

புனே நகரை அடுத்துள்ள கட்கி, பட்டாளத்தார் வாழும் பழம்பதி. 1817-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் பேஷ்வாவின் படையும் ஆங்கிலக் கம்பெனியின் படையும் பொருத களம் அதுவே. பின்னர் அங்கே கண்டோன்மெண்ட் எழுந்தது. 1869-இல் வெடிமருந்துத் தொழிற்சாலை எழுந்தது. இராணுவ மருத்துவமனையும் அமைந்தது. பிழைப்பை நாடி வந்த தமிழ் மக்களும் அங்கே குடியேறி வேரூன்றினர். இத்தகைய ஊர்களின் மருத்துவமனைகளிலே தமிழ்ப் பாட்டி ஒருத்தியும், மராத்திய உழவர் ஒருவரும், பஞ்சாபிச் சிப்பாய் ஒருவரும் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருப்பதுண்டு. ஒருவர் மொழி மற்றவருக்கு விளங்காது. ஆயினும் நள்ளிரவில் தண்ணீர் வேண்டுமாயின் மூவரும் அழைக்கும் சொல் ஒன்றே: ‘சிஸ்டர்’. உடன்பிறவாத ஒருத்தியை உடன்பிறந்தாள் என்று நாம் அழைப்பது ஏன்? அச்சொல்லின் பின்னே நீண்டதொரு வரலாறு மறைந்துள்ளது.

பிணியாளரைப் பேணும் பணியின் சிறப்பை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். மருத்துவத்தின் உறுப்புகளை நான்கென வகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணிபுரிவோனையும் ஓர் உறுப்பாக எண்ணினார். சரகரும் அவ்வாறே வகுத்தார். 11-ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றைக் குறிக்கின்றது. மருத்துவரும், அறுவை செய்வோரும், மூலிகை கொணர்வோரும், மருந்துப் பணி புரியும் பெண்டிரும் அங்கே இருந்தனர். எனினும், அப்பெண்டிரின் பணி தலைமுறைதோறும் பயின்று தொடரும் அமைப்பாக நம்மிடையே நிலைபெறவில்லை.

அவ்வாறு நிலைபெற்றது கிறிஸ்தவ சமயத்தாரிடையே ஆகும். பிணியாளரைக் காண்பது தம்மையே காண்பதற்கு ஒப்பாகும் என்பது இயேசு பெருமானின் போதனை. ஆகவே, முன்பின் அறியாத நோயாளியைப் பேணுவதும் அச்சமயத்தாருக்கு வழிபாடாயிற்று. 4-ஆம் நூற்றாண்டில் செசரியா நகரத்து ஆயர் பசிலியார் பெரியதொரு பிணியாளர் இல்லத்தை அமைத்தார். உரோமாபுரியிலே செல்வச் சீமாட்டியாகிய பபியோலா, தம் பொருள் கொண்டு மருத்துவசாலை நிறுவி, பிறர் காண அருவருத்த புண்களைத் தம் கையால் கழுவினார். 399-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அவர் காட்டிய வழியிலே பின்னர் பல கன்னிமார் மடங்கள் தோன்றின. 1633-இல் பிரான்சு நாட்டில் வின்சென்ட் தெ பவுலும் லூயிசு தெ மரில்லாக்கும் நிறுவிய சபையின் கன்னியர், மடத்துச் சுவருக்குள் அடங்காது, ஏழைகளின் வீடுதோறும் சென்று பணி புரிந்தனர். இக்கன்னியர் ஒருவரையொருவர் சகோதரி என்று அழைத்தனர். நோயாளரும் அவர்களை அங்ஙனமே அழைக்கலாயினர்.

இங்கிலாந்திலே 16-ஆம் நூற்றாண்டில் மடங்கள் கலைக்கப்பட்டன. பெயர் எஞ்சியது, பெருமை எஞ்சவில்லை. நாளடைவில், வேறு வேலை கிடைக்காதோர் கூலிக்குச் செய்யும் இழிதொழிலாக அது தாழ்ந்தது. அதனை மீண்டும் உயர்த்தும் முயற்சி ஜெர்மனியில் தொடங்கிற்று. 1836-இல் கைசர்சுவெர்த் என்னும் சிற்றூரில் போதகர் தியோடர் பிளீட்னரும் அவர் மனைவியாரும் தொண்டுப் பெண்டிருக்குப் பயிற்சி நிலையம் ஒன்றை ஏற்படுத்தினர். 1851-இல் அங்கே சில திங்கள் தங்கிப் பயின்றவரே பிளாரன்சு நைட்டிங்கேல் அம்மையார். 1854-இல் கிரிமியப் போரில் காயமுற்றோரைப் பேண அவருடன் சென்ற 38 பெண்டிருள் 24 பேர் சமயத் தொண்டுச் சங்கங்களைச் சேர்ந்தவர்கள். 1860-இல் இலண்டன் புனித தாமசு மருத்துவமனையில் அவர் நிறுவிய பள்ளியோ எச்சபைக்கும் உரியதன்று. கன்னியரின் அருளுணர்வும் கல்வியின் ஒழுங்கும் அங்கே கைகோத்தன.

அம்மையார் இந்தியாவுக்கு வந்ததில்லை. எனினும் இந்நாட்டை மறந்ததுமில்லை. இங்கிருந்த ஆங்கிலப் படையினருள் ஆண்டுதோறும் ஆயிரவருக்கு 69 பேர் மடிந்ததை 1863-இல் வெளிவந்த அரச விசாரணைக் குழுவின் அறிக்கை எடுத்துக்காட்டியது. அவ்வறிக்கைக்காக அயராது உழைத்தவர் அவர். 1888-இல் கேத்தரின் லாக் என்பாரின் தலைமையில் பயிற்சி பெற்ற செவிலியர் சிலர் படை மருத்துவமனைகளில் பணிபுரிய இங்கு வந்தனர். அவ்வழியே வளர்ந்ததே 1926-இல் உருவான இந்திய இராணுவச் செவிலியர் சேவை. கட்கி போன்ற இடங்களின் படை மருத்துவமனைகளில் இன்று பணிபுரியும் செவிலியர் இம்மரபின் வழிவந்தோரே.

சென்னை அரசினர் பொது மருத்துவமனையில் 1871-இல் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. பம்பாய் மருத்துவமனைகளில் ஆங்கிலத் திருச்சபைச் சகோதரியர் தொண்டாற்றினர். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946-இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. ஆனால், பயில வந்தோர் யாவர்? அந்நியர் உடலைத் தீண்டுவது தீட்டு. ஆடவரிடையே இரவில் விழித்திருப்பது இழுக்கு. இவ்வாறு கருதிய குடும்பங்கள் தம் பெண்மக்களை அனுப்பவில்லை. கிறிஸ்தவப் பெண்டிரும், ஆதரவற்றோரும், கைம்பெண்டிருமே பெரும்பாலும் முன்வந்தனர். மிஷனரிமாருக்குத் தம் சமயத்தைப் பரப்பும் நோக்கமும் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், நாம் தொட மறுத்த புண்ணை அவர்கள் தொட்டனர் என்பதும் உண்மை. அவர்களிடம் மருந்துண்டு எழுந்த நாமே அவர்களைத் தாழ்வாகவும் பேசினோம். இது நாம் எண்ணி நாண வேண்டிய செய்தி.

இத்தொண்டு ஒரு சமயத்தார்க்கே உரியதன்று என்பதற்குப் புனே நகரமே சான்று பகரும். 1897-இல் கொள்ளைநோயாகிய பிளேக் அந்நகரைச் சூறையாடியது. முதுமையிலும் சாவித்திரிபாய் புலே அம்மையார், தம் வளர்ப்பு மகனாகிய மருத்துவர் யஷ்வந்துடன் நகர்ப்புறத்திலே நோயாளரைப் பேணினார். அந்நோயே அவரையும் பற்றியது. மார்ச் 10-ஆம் நாள் உயிர் நீத்தார். மடத்தில் நோன்பு ஏற்றவர் அல்லர் அவர். பயிற்சிப் பள்ளியில் பயின்றவரும் அல்லர். எனினும், பபியோலா கழுவிய புண்ணும் சாவித்திரிபாய் தீண்டிய பிணியும் ஒரே அன்பின் இரு சான்றுகள்.

இன்று கட்கியிலே, 1974-இல் நிறுவப்பெற்ற முடக்குவாதமுற்ற படைவீரர் மறுவாழ்வு நிலையம் உள்ளது. முதுகுத்தண்டு முறிந்த வீரர்க்கு ஒருநாள் மருந்து போதாது. நாள்தோறும் புரட்டிக் கிடத்தவும், தூய்மை செய்யவும், நம்பிக்கை ஊட்டவும் கைகள் வேண்டும். நம் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் பலர் வெளிமாநிலங்களில் இத்தொழிலை ஏற்றுள்ளனர். அவர்களுக்கு மணம் பேசும்போதும், அவர்கள் இரவுப் பணி முடித்துத் தெருவில் வரும்போதும், அயலார் நாவில் எழும் சொல் எத்தகையது என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். நோயுற்ற வேளையில் சகோதரி என்று அழைத்த நாம், நலமுற்ற வேளையிலும் அம்முறையை மறவாதிருப்போமாக.