டிபேஸ் காலமும் குரங்கணிப் பிள்ளைகளின் பதிவுகளும்

போடிநாயக்கனூரிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள சிற்றூர் குரங்கணி. பக்கத்து ஊர் கொட்டகுடி. மேலே ஏறினால் முதுவாக்குடி, சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன் எனக் குடியிருப்புகள் வரும். ஒரு காலத்தில் மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி இந்த அடிவாரத்திற்கு இறங்கி, போடி வழியாக வெளியூர் சென்றன. தேயிலைக்கும் ஏலக்காய்க்கும் மலையேறிய குடும்பங்கள் பலவற்றிற்கு உறவும் ஊரும் இந்தப் பக்கம்; வேலையும் குடியிருப்பும் அந்தப் பக்கம். 1972-இல் இடுக்கி மாவட்டம் உருவானபின் அந்தத் தோட்டங்களில் பெரும்பாலானவை அதற்குள் வந்தன. பிள்ளைகளோ பாட்டி வீட்டிலும் விடுதியிலும் தங்கிப் போடியில் படித்தார்கள். ஆகவே பள்ளிப் பதிவேட்டில் 'மாவட்டம்' என்ற கட்டத்தில் எழுதும் ஒரு சொல்லுக்கு இங்கே கனம் அதிகம்.

அந்தச் சொல்லைத் தேடவும் திருத்தவும் விசைப்பலகைக் கட்டளை வந்த கதையே இக்கட்டுரை.

புள்ளி காட்டிய திரை

இன்று கணினியில் ஒரு பெயரைத் தேட வேண்டுமானால் கட்டத்தில் எழுதிப் பொத்தானை அழுத்துகிறோம். 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களிலும் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கணினி கற்றவர்கள் கண்டது வேறு. கறுப்புத் திரையின் அடியில் ஒரே ஒரு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் கட்டளையை ஆங்கிலத்தில் அடித்து என்டர் விசையைத் தட்ட வேண்டும். டிபேஸ் என்ற மென்பொருளின் முகம் அதுதான். தட்டச்சுப் பயிலகங்கள் பல அப்போது பெயர்ப்பலகையில் 'கணினி மையம்' என்றும் சேர்த்துக்கொண்டன. அங்கே டாஸ், வேர்டுஸ்டார், லோட்டஸ், டிபேஸ் நான்கும் ஒரே பாடத்திட்டமாக நடந்தன. தட்டச்சில் ஹையர் முடித்த பெண்களே முதலில் வந்து சேர்ந்தார்கள். ஆசிரியர்களில் என்னைப் போன்ற சிலர் மாலையில் போய் அவர்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தோம்.

டிபேஸை எழுதியவர் வேய்ன் ராட்லிஃப். அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் ஒப்பந்தப் பணியில் இருந்த பொறியாளர். கால்பந்துப் போட்டிகளில் யார் வெல்வார் என்று அலுவலக நண்பர்களோடு கட்டிய பந்தயத்திற்குப் புள்ளிவிவரம் தொகுக்க 1978-இல் தொடங்கினார் என்பது அவரே சொன்ன செய்தி. முதலில் அதற்கு வல்கன் என்று பெயர். பிறகு ஜார்ஜ் டேட் என்ற விற்பனையாளர் அதை வாங்கி 'டிபேஸ் 2' என்று பெயரிட்டு விற்றார். 'டிபேஸ் 1' என்று ஒன்று இருந்ததே இல்லை. இரண்டாம் பதிப்பு என்றால் குறைகள் தீர்ந்திருக்கும் என்று வாங்குபவர் நம்புவார் அல்லவா? நிறுவனத்தின் பெயர் ஆஷ்டன்-டேட். அதில் ஆஷ்டன் என்று எவரும் இல்லை. 1984-இல் டிபேஸ் 3, அதைத் தொடர்ந்து டிபேஸ் 3 பிளஸ் வந்தன. நாங்கள் படித்தது இந்தக் கடைசிப் பதிப்பை.

கட்டளைகள் ஆங்கிலப் பேச்சு வழக்குக்கு நெருக்கமானவை. யூஸ் என்றால் கோப்பு திறக்கும். லொகேட் ஃபார் என்று சொல்லி நிபந்தனை கொடுத்தால் முதல் பதிவிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துப் பொருந்தும் பதிவில் நிற்கும். கன்டினியூ என்றால் அடுத்ததற்குப் போகும். முன்கூட்டியே இண்டெக்ஸ் கட்டளையால் அகரவரிசைக் கோப்பு ஒன்றை உண்டாக்கி வைத்திருந்தால் சீக் என்ற கட்டளை நேரே அந்தப் பதிவுக்குத் தாவும். லொகேட் என்பது வருகைப் பதிவேட்டில் விரல் வைத்து வரிவரியாக இறங்குவது போல. சீக் என்பது அகராதியைப் புரட்டுவது போல. வகுப்பில் நான் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

எடிட் என்று அடித்தால் பதிவு திரையில் விரியும். கண்ட்ரோல் விசையோடு டபிள்யூவை அழுத்தினால் திருத்தம் சேமிக்கப்படும். கண்ட்ரோலோடு கியூவை அழுத்தினால் திருத்தம் கைவிடப்படும். விசைப்பலகையில் கியூவும் டபிள்யூவும் அடுத்தடுத்த விசைகள். மின்தடை வேறு. கோப்பை மூடுமுன் மின்சாரம் போனால் கடைசியாகச் சேர்த்த பதிவுகள் கணக்கில் வராமல் போய்விடும். மழைக்காலத்தில் போடியில் டிபேஸ் கற்றவர்கள் பத்துப் பெயருக்கு ஒருமுறை கோப்பை மூடித் திறக்கப் பழகிக்கொண்டார்கள்.

பெயரைத் தேடுதல்

டிபேஸில் சமக்குறிக்கு ஒரு தனிக்குணம் உண்டு. செல்வம் என்று ஆங்கிலத்தில் அடித்துத் தேடினால் செல்வமணியும் செல்வமுருகனும் சேர்ந்தே வருவார்கள். நாம் கொடுத்த எழுத்துகள் வரைக்கும் பொருந்தினால் போதும் என்பது அதன் இயல்பு. முழுப்பெயரும் பொருந்த வேண்டுமானால் செட் எக்ஸாக்ட் ஆன் என்று தனியாக ஆணையிட வேண்டும். ஊர்ப்பெயர்க் கட்டத்திற்குப் பன்னிரண்டு இடம் ஒதுக்கியிருந்தோம். போடிநாயக்கனூரை ஆங்கிலத்தில் எழுதப் பதின்மூன்று எழுத்து. எங்கள் கோப்பில் எல்லாருடைய ஊரும் கடைசி 'ஆர்' இல்லாமல்தான் இருந்தது.

எழுத்துக்கூட்டல் அதைவிடப் பெரிய தொல்லை. கொட்டகுடியைச் சிலர் 'ஜி' போட்டும் சிலர் 'கே' போட்டும் எழுதினார்கள். ஒலியை வைத்துத் தேடும் சவுண்டெக்ஸ் முறை டிபேஸ் 4-இலும் ஃபாக்ஸ்புரோவிலும் கிடைத்தது. அமெரிக்காவில் 1918-இல் காப்புரிமை பெற்ற பழைய முறை அது. ஆங்கிலத்தில் ஒலி நெருங்கிய எழுத்துகளுக்கு ஒரே எண் தரும். 'ஜி'க்கும் 'கே'க்கும் ஒரே எண் என்பதால் இரண்டு கொட்டகுடிகளும் ஒன்றாகிவிடும். ஆனால் அழகு என்ற பெயரை ஒருவர் 'இசட்-எச்' போட்டும் மற்றொருவர் 'எல்' போட்டும் எழுதியிருந்தால் சவுண்டெக்ஸுக்கு அவர்கள் வேறு வேறு ஆட்கள். நமது ழகரம் அந்தக் கணக்கில் இல்லை.

தமிழிலேயே பதிந்தால் தீருமே என்று தோன்றும். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி, தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற எழுத்துக் குறியேற்றங்களும் தரப்படுத்தப்பட்டன. அவற்றில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்பட்டன. கொட்டகுடியின் 'கொ' முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று மூன்று துண்டாகக் கிடக்கும். குரங்கணியின் 'கு' ஒரே துண்டு. ஆகவே அகரவரிசை கேட்டால் பக்கத்துப் பக்கத்து ஊர்களான குரங்கணியும் கொட்டகுடியும் கோப்பில் ஆளுக்கொரு மூலையில் நிற்கும். ஒருங்குறியில் ககரம் முதலில் வருவதால் இந்தச் சிக்கல் நீங்கிற்று. ஆனாலும் றகரமும் னகரமும் அதில் நம் நெடுங்கணக்கு வரிசையில் இல்லை.

ஒரு வரியில் நேர்ந்த பிழை

1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து தேனி மாவட்டம் பிரிந்தது. எங்கள் பள்ளியில் அப்போது கணினி கிடையாது. மாணவர் பட்டியலை ஃபிளாப்பியில் வைத்துக்கொண்டு கணினி மையத்தில் நாழிகைக்கு வாடகை கொடுத்து வேலை செய்தோம். கோப்பில் பெரும்பாலோர்க்கு 'மதுரை' என்றிருந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு 'இடுக்கி'. புது மாவட்டப் பெயரை மாற்றும் வேலை என்னிடம் வந்தது.

ரீப்ளேஸ் கட்டளையை வெறுமனே கொடுத்தால் நிற்கும் பதிவு மட்டும் மாறும். ஆல் என்று சேர்த்தால் அனைத்தும் மாறும். ஃபார் என்று நிபந்தனை சேர்த்தால் பொருந்துவன மட்டும் மாறும். நான் ஆல் போட்டேன். ஃபார் போட மறந்தேன். 'உறுதிதானா' என்ற கேள்வி எதுவும் வரவில்லை. இத்தனை பதிவுகள் மாற்றப்பட்டன என்று ஓர் எண் மட்டும் வந்தது. அது பள்ளியின் மொத்த எண்ணிக்கை. மலைக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு நொடியில் தேனி மாவட்டத்துக்காரர்கள் ஆனார்கள். யார் இடுக்கி என்று கண்டுபிடிக்க இனிக் கோப்பில் வழியில்லை.

அழிப்பதற்குக்கூட டிபேஸ் தவணை கொடுத்தது. டெலீட் கட்டளை பதிவின் முன் ஒரு நட்சத்திரக்குறியை மட்டும் வைக்கும். ரீகால் சொன்னால் பதிவு மீளும். பேக் என்று சொன்ன பிறகே உண்மையில் போகும். மாற்றியதை மீட்கும் கட்டளை மட்டும் இல்லை.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். "சேர்க்கைப் பதிவேட்டை எடுங்க சார்" என்றார். இரண்டு மாலைகள் உட்கார்ந்து பழைய பதிவேடுகளைப் புரட்டினோம். அதில் ஒரு பிள்ளையின் பெயருக்கு எதிரே முன்பே 'மதுரை' என்று எழுதி, சிவப்பு மையில் அடித்து, 'இடுக்கி' என்று திருத்தி, அன்றைய தலைமையாசிரியர் சுருக்கொப்பமும் தேதியும் இட்டிருந்தார். தந்தை தோட்ட வேலைக்குப் போன ஆண்டு அந்தத் தேதியிலிருந்து தெரிந்தது. எங்கள் ஃபிளாப்பியில் யார் எப்போது எதை மாற்றினார் என்பதற்குச் சுவடே கிடையாது. இடுக்கி என்று வரவேண்டிய ஒவ்வொரு பதிவையும் எடிட் கொடுத்துத் தனித்தனியாகத் திருத்தினேன். ரீப்ளேஸை அன்று தொடவில்லை.

ஆஷ்டன்-டேட்டை 1991-இல் போர்லண்ட் நிறுவனம் வாங்கியது. போட்டியாக வளர்ந்த ஃபாக்ஸ்புரோவை 1992-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கி, 2004-இல் வெளியிட்ட ஒன்பதாம் பதிப்போடு நிறுத்திக்கொண்டது. மாணவர் விவரங்கள் இன்று கல்வித்துறையின் இணையதளத்தில் இருக்கின்றன. டிபேஸின் கோப்பு வடிவம் மட்டும் போகவில்லை. நிலப்பட மென்பொருள்களில் பரவலாக வழங்கும் ஷேப்ஃபைல் முறையில், கோடுகளுக்கும் எல்லைகளுக்கும் உரிய பெயர்களும் விவரங்களும் இன்றும் டி.பி.எஃப். கோப்பில்தான் எழுதப்படுகின்றன. அதில் கட்டத்தின் பெயர் பத்து எழுத்தைத் தாண்டக்கூடாது என்ற டிபேஸ் காலத்து விதியும் அப்படியே இருக்கிறது.